மலைப்பாதை ஜீப்பின் உடம்பு: கீறல், நசுங்கல், துரு – அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறையில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு ஜீப்பாவது ஜாக்கியில் நிற்காத மழைக்காலம் எனக்கு நினைவில் இல்லை. போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் வண்டி, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோகும் வண்டி, உரமூட்டை சுமக்கும் பழைய கமாண்டர் ஜீப், விடுமுறைக்கு மட்டும் மலையேறும் புது மஹிந்திரா தார் என்று எல்லாம் வரும். வருகிற குறைகள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள்; பணம் தின்னும் காரணம் கடைசியில் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறை இடித்ததால் எடைக்குப் போட்ட ஜீப்பை நான் பார்த்ததில்லை. எடைக்குப் போனவை எல்லாம் ஈரச் சேறு அரித்தவை. எங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இன்னொரு மழை. வருடத்தில் பாதிக்கு மேல் வண்டியின் அடிப்பகுதி காய்வதே இல்லை. அதனால் எந்த அடி பட்டாலும் நான் முதலில் தேடுவது, அந்த இடத்தில் இனி தண்ணீர் எங்கே தங்கும் என்பதைத்தான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டார்ச், நீளமான திருப்புளி, கம்பி பிரஷ், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், நைலான் கயிறு, வடிகால் துளைகளைக் குத்தி எடுக்கப் பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்று.

அறிகுறி 1: இப்போதுதான் அடியில் பாறை இடித்தது

"சத்தம் மட்டும்தான் வந்தது, வண்டி ஓடுகிறது" என்று சொல்லிக்கொண்டு ஓட்டிப் போகாதீர்கள். சமமான இடம் வந்ததும் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குனிந்து பாருங்கள்.

*சொட்டு விழுகிறதா?* விழுந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். ஏசி போட்ட வண்டியில் வாசனையில்லாத சுத்தமான நீர் சொட்டினால் கவலை இல்லை. கறுப்பாக வழுக்கினால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் வாடையோடு இருந்தால் கியர் ஆயில். எஞ்சின் ஆயில் என்றால் ஆயில் அளவுகோலான டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பாருங்கள். அளவு குறைந்துகொண்டே போனால் எஞ்சினை மறுபடி இயக்கக் கூடாது. டீசல் வாடை அடித்தால் டேங்கைப் பாருங்கள். மயிரிழை போன்ற கசிவு என்றால் ஒரு குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைத்தால் ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். சோப்பு டீசலில் எளிதில் கரையாது. ஆனால் அது ஊர் போய்ச் சேர மட்டும்தான்.

*சக்கரத்துக்குப் பக்கத்திலோ குழாய் ஓடும் வழியிலோ மெல்லிய ஈரம் இருக்கிறதா?* பிரேக் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் பிரேக் குழாயில் கசிவு. அங்கேயே நிறுத்துங்கள். மலைமேல் உள்ள போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கைப்பிரேக்கை நம்பி மெதுவாக இறங்கிவிடலாம் என்று நினைப்பவரைத் தடுத்து நிறுத்த யாராவது உடன் இருக்க வேண்டும். மெக்கானிக்கை அந்த இடத்துக்கே வரவழையுங்கள், அல்லது வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

*கசிவு இல்லை, ஆனால் அடித்தகடு மேலே வளைந்திருக்கிறதா?* எஞ்சினைக் காக்கப் போட்ட இரும்புத் தகடு வளைந்து, எஞ்சின் ஆயில் தேங்கும் அடிக்கிண்ணமான சம்ப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், அடுத்த இடி நேராகச் சம்ப்பில் இறங்கும். தகட்டைக் கழற்றித் தட்டி நேராக்கி மாட்டுங்கள். இதற்குப் பட்டறை தேவையில்லை.

*வண்டி முழுவதையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டமான சேசிஸில் மடிப்போ விரிசலோ தெரிகிறதா?* சட்டத்தில் மேலோட்டமான கீறல் இருந்தால் துடைத்துப் பெயிண்ட் அடியுங்கள். மடிப்பு, விரிசல், அல்லது வெல்டிங் கோட்டை ஒட்டி ஓடும் துருக்கோடு தெரிந்தால் உங்கள் வேலை முடிந்தது. சேசிஸ் வேலை தெரிந்த பட்டறைக்குப் போக வேண்டும்.

அறிகுறி 2: கதவிலும் பக்கவாட்டிலும் கோடு கோடாகக் கீறல்

எங்கள் பாதைகளில் இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வழியோரத்து உண்ணிச்செடி. இன்னொன்று, கவாத்து வெட்டிய தேயிலைத் தூர். கவாத்து முடிந்த காட்டில் தூரின் நுனி ஆணி மாதிரி நிற்கும். தேயிலைக் காட்டுக்குள் ஒதுங்கி எதிர்வண்டிக்கு வழி விடும்போது அது கதவின் கீழ்ப்பாதியைக் கிழித்துவிடும்.

மூன்றாவது காரணத்தை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. காய்ந்த சேற்றை உலர்ந்த துணியால் துடைப்பது. அது மணல் காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். எப்போதும் முதலில் தண்ணீரை ஊற்றிச் சேற்றை ஊறவிடுங்கள். தானாக வழிந்த பிறகுதான் துணி.

கழுவியபின் கீறலை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

நனைந்திருக்கும்போது கோடு மறைந்து, காய்ந்ததும் தெரிந்தால், மேல்பூச்சில் மட்டும் கீறல். ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போட்டுக் கையால் தேய்த்தால் போய்விடும். புது வண்டிகளில் நிறமற்ற மேல்பூச்சு ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்தான், மிக மெல்லியது. ஒவ்வொரு மாதமும் தேய்த்தால் பூச்சே மிஞ்சாது. பழைய ஜீப்புகளில் தனி மேல்பூச்சு கிடையாது. துணியில் வண்டியின் நிறமே ஒட்டும், பயப்பட வேண்டாம்.

நகம் மாட்டுகிறது, ஆனால் கோட்டுக்குள் வேறு நிறம் தெரியவில்லை என்றால், சின்ன பிரஷ்ஷால் அதே நிறத்தைத் தொட்டு வைத்தால் போதும்.

கோட்டுக்குள் சாம்பலோ சிவப்போ தெரிந்தால், நிறத்துக்கு அடியிலுள்ள பிரைமர் பூச்சு வரை போயிருக்கிறது. அந்த வாரத்துக்குள் மூடுங்கள்.

பளபளவென்று தகடு தெரிந்தால் அன்றைக்கே மூட வேண்டும். மழைக்காலத்தில் மறுநாள் காலையிலேயே செம்மை படர்ந்துவிடும். கையில் எதுவும் இல்லையா? நன்றாக உலர்த்தி, வீட்டுப் பெண்களிடம் கேட்டு நகப்பூச்சை வாங்கித் தடவுங்கள். அழகு இராது, ஆனால் ஈரம் உள்ளே போகாது. பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

தடுக்க என்ன செய்யலாம்? ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன், கிளைக்கீறலை நன்றாகத் தாங்கும். விலை அதிகம் என்பதால் வண்டி முழுக்க ஒட்டாமல், கதவின் கீழ்ப்பாதி, மட்கார்டின் ஓரம், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதி ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டினாலே பாதிப் பயன் கிடைத்துவிடும். பளபளப்பில்லாத மேட் பூச்சு உள்ள வண்டியில் காம்பவுண்ட் போடவே கூடாது, அந்த இடம் மட்டும் பளபளத்து அசிங்கமாகும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் விரிப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்கு அடியில் புகும் மண்துகள் ஒவ்வொரு குலுங்கலிலும் பெயிண்ட்டை அரைக்கும். தினமும் தோட்டத்துக்குப் போகும் வண்டிக்கு இவை எதுவுமே தேவையில்லை. தகடு தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அறிகுறி 3: நசுங்கல்

*பெயிண்ட் உடையவில்லை, நசுங்கல் அகலமாக, ஆழமில்லாமல் இருக்கிறது.* உட்பக்கம் கை போகுமானால் உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். பல நேரம் டப்பென்று வெளியே வந்துவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்றால் வெந்நீரை ஊற்றி உள்ளிருந்து தள்ளலாம். இரும்புத் தகட்டுக்கு வெந்நீர் வேலை செய்யாது.

*கூர்மையான மடிப்பு விழுந்திருக்கிறது.* நீங்களே சுத்தியலை எடுக்காதீர்கள். தகடு நீண்டுவிட்டால் திரும்பச் சுருக்குவது தகடு தட்டும் டிங்கர் மேஸ்திரிக்கும் கடினம். இன்றைய கார்களின் தகடு பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான், பழைய ஜீப் தகடு போல அடியைத் தாங்காது.

*பெயிண்ட் உடைந்திருக்கிறது.* நசுங்கலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உடைந்த பெயிண்ட்டை இன்றைக்கே மூடுங்கள். முதலில் பெயிண்ட், பிறகுதான் நசுங்கல்.

*கதவுத் தூணிலோ, கதவுக்குக் கீழே வாசல்படி போல ஓடும் பெட்டிப் பகுதியிலோ நசுங்கல்.* வெளியே தெரிவது சிறிதாக இருக்கும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், பிறகு அறிகுறி 7-க்குப் போங்கள். அந்தப் பெட்டி உள்ளே வெற்றிடம். அடிபட்டு உள்பூச்சு உதிர்ந்தால் துரு உள்ளிருந்து வரும், வெளியே தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகும்.

பட்டறையில் பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி பூசிக் கொடுத்தால், துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் பட்டி மெலிது. நழுவி விழுந்தால் தகட்டைத் தட்டி நேராக்காமல் பட்டியை அப்பியிருக்கிறார்கள். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போன பட்டி தார்ச்சாலையில் நிற்கலாம்; கல்லுப் பாதையின் அதிர்வில் ஒரு பருவத்துக்குள் விரிந்து, அந்த விரிசல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சிறு நசுங்கலுக்குக் காப்பீட்டில் பணம் கேட்குமுன் கணக்குப் போடுங்கள். கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை போகும். ஒரு கதவுக்காக அதை இழப்பது பெரும்பாலும் நட்டம்.

அறிகுறி 4: சக்கர வளைவில் கல்லடி, மட்கார்டின் ஓரம் கிழிந்திருக்கிறது

கல்லடிப் புள்ளிகள் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதியில் குவிந்திருந்தால், முன்சக்கரம்தான் கல்லை எறிகிறது. சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்ஃபிளாப் தட்டி இருக்கிறதா, கிழிந்துவிட்டதா என்று பாருங்கள். அகலமான டயர் போட்டு அது மட்கார்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எந்த மட்ஃபிளாப்பாலும் முழுதாகத் தடுக்க முடியாது. டயருக்குத் தக்கபடி மட்கார்டு விளிம்பை நீட்டிக்கும் ரப்பர் பட்டை போட வேண்டும்.

ஓரம் கிழிந்து வெளியே இழுபட்டிருந்தால் காரணம் அநேகமாகப் பின்னால் எடுத்தது. மட்ஃபிளாப் நீளமாக இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது டயருக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, தான் கிழிவதற்குப் பதில் மட்கார்டின் விளிம்பைக் கிழித்துவிடும். நான் மலைவண்டிக்குத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டே வெட்டுகிறேன். கெட்டித் தகடு வைத்து இறுக்காமல், இழுத்தால் பிய்ந்து வரும்படி சிறு போல்ட் இரண்டு மட்டும் போடுகிறேன். மட்ஃபிளாப் போனால் போகட்டும்.

விளிம்பின் உட்பக்க மடிப்பைக் கை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் அந்த மடிப்பில் ஒரு விரல்கனம் சேறு இருக்கும். ஒவ்வொரு மலைப்பயணத்துக்குப் பிறகும் அதை விரலால் தோண்டி எடுங்கள். இந்த ஒரு வேலைக்காகவே நான் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அறிகுறி 5: பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது

கதவின் அடிவிளிம்பில்தான் இது முதலில் வரும். கொப்புளத்தை மட்டும் சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரும், ஏனென்றால் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது.

முதல் சோதனை வடிகால். கண்ணாடியை இறக்கி, அது இறங்கும் இடுக்கு வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடித்துளைகள் வழியாக உடனே வழிய வேண்டும். வரவில்லையென்றால் துளைகளைச் சேறு அடைத்திருக்கிறது. சைக்கிள் கம்பியால் குத்தி எடுங்கள். குபுகுபுவென்று செந்நீர் வந்தால் கதவுக்குள் எத்தனையோ நாளாகக் குளம் நின்றிருக்கிறது. வாசல்படிப் பெட்டிக்கும் அடியில் துளைகள் உண்டு, அவற்றையும் பாருங்கள். அடிப்பூச்சு அடித்தவர்கள் அந்தத் துளைகளையும் சேர்த்துப் பூசி அடைத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாவது சோதனை திருப்புளி. கொப்புளத்தை அதன் முனையால் அழுத்துங்கள்.

உதிர்ந்து, அடியில் கெட்டித் தகடு தெரிந்தால் நீங்களே செய்யலாம். கம்பி பிரஷ்ஷால் பொருக்கு போகும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துருமாற்றியைத் தடவுங்கள். அது கறுப்பாக மாறி நன்றாக உலரட்டும். பிறகு டப்பாவில் சொல்லியிருக்கும் பிரைமர், அதன்மேல் நிறம். பெயிண்ட்டின் மேலோ பொருக்கின் மேலோ துருமாற்றியைத் தடவுவதில் பயன் இல்லை.

திருப்புளி உள்ளே இறங்கிவிட்டால் அந்த இடத்தில் தகடு இல்லை, பெயிண்ட் மட்டும்தான் நிற்கிறது. வெட்டி ஒட்டுப் போட வேண்டும். டிங்கர் மேஸ்திரியிடம் கொடுங்கள்.

அறிகுறி 6: காலடியில் தரை மெத்தென்று இருக்கிறது

இந்தப் பகுதியைத் தோட்ட வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்களின் தரைத்தகடு கீழிருந்து அரிக்கும். நம்முடையது மேலிருந்தும் அரிக்கும்.

காரணம் நாம் ஏற்றும் சரக்கு. பொட்டாஷ் உரம் ஓர் உப்பு. சிந்திய பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டின்மேல் நனைந்தே கிடக்கும். பூஞ்சைநோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை இன்னும் மோசம். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு போட்டுக் கலக்குகிறோம். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்குவோமே, கத்தியில் செம்பு நிறம் படிந்தால் போதவில்லை என்று அர்த்தம். கலவைக்குச் சுண்ணாம்பு சேர்க்குமுன் துத்தக் கரைசல் சிந்தினாலும், மூட்டையிலிருந்து துத்தப்பொடி உதிர்ந்து நனைந்தாலும், அந்தக் கத்திக்கு நடந்ததுதான் தரைத்தகட்டுக்கும் நடக்கிறது. செம்பு படிந்த இடத்தைச் சுற்றி இரும்பு கரைகிறது.

"அண்ணே, மேலே ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேனே" என்று ஓட்டுநர் தம்பிகள் சொல்வார்கள். விரிப்புக்கு அடியில் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. விரிப்பு இல்லாத தரையைவிட விரிப்பு போட்ட தரைதான் சீக்கிரம் ஓட்டையாகிறது.

சோதனை இப்படி. விரிப்பையும் அடியிலுள்ள பஞ்சுத் துணியையும் முழுதாக எடுங்கள். திருப்புளியின் கைப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு அடியில் படுத்து அதே வட்டங்களைக் கீழிருந்தும் பாருங்கள்.

மேலாகத் துரு மட்டும் என்றால் அறிகுறி 5-இல் சொன்ன முறைதான்.

குழி குழியாக இருந்து ஓட்டை இல்லையென்றாலும் அதே முறை. ஆனால் துருமாற்றிக்குப் பிறகு எபாக்சி பிரைமர் இரண்டு கை அடியுங்கள்.

தரையின் நடுவே ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் ஓட்டை ஒன்றிரண்டு இருந்தால், வெல்டிங் தெரிந்தவரிடம் ஒட்டுத் தகடு போடுங்கள். தகடு அங்கே இருக்கும் தடிமனையே ஒத்திருக்க வேண்டும். பழைய ஜீப்புக்குப் பெரும்பாலும் 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் போதும். பலமாக இருக்கட்டும் என்று 3 மில்லிமீட்டர் தகட்டை ஒட்டினால் அதன் விளிம்பைச் சுற்றியுள்ள மெல்லிய தகடு விரிசல் விடும்.

இருக்கை போல்ட், சீட் பெல்ட் கொக்கி, சேசிஸின் மேல் பாடி உட்காரும் இடம் ஆகியவற்றைச் சுற்றி ஒரு சாணுக்குள் ஓட்டை இருந்தால், அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் நல்ல பட்டறைக்குப் போங்கள். எம்-சீலும் ஃபைபர் துணியும் அங்கே கூடாது. பின்னால் பத்துப் பெண்கள் உட்கார்ந்து வரும் வண்டி அது.

இனி வராமல் இருக்க: உரம் ஏற்றும்போது தார்ப்பாயை விரித்து நான்கு ஓரத்தையும் மேலே மடக்கி வையுங்கள், சிந்துவது அதற்குள்ளேயே நிற்கும். பலகை போடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறக்கிய அன்றைக்கே தரையிலுள்ள ரப்பர் அடைப்புகளைப் பிடுங்கிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கதவுகளைத் திறந்து போட்டு உலர்த்துங்கள்.

அடிப்பக்கத்துக்குக் கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் இங்கே நெடுங்காலமாக உண்டு. துருவை ஓரளவு தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கிறது, பிரேக்கில் பட்டால் ஆபத்து, ஒவ்வொரு மழையிலும் சொட்டி நாம் குடிக்கும் ஓடையில்தான் போய்ச் சேர்கிறது. நான் விட்டுவிட்டேன். தார் போன்ற கெட்டிப் பூச்சு புது வண்டிக்கு நல்லது. ஏற்கெனவே துரு உள்ள தகட்டின் மேல் அடித்தால், கல்லடியில் வெடித்த ஓர் இடம் வழியாக ஈரம் புகுந்து அடியிலேயே பரவும், வெளியே தெரியாது. பழைய வண்டிக்கு மெழுகு வகைப் பூச்சுதான் என் தேர்வு. வருடத்துக்கு ஒருமுறை, மே மாதத்தில், வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி 6-இன் கிளை: பாதுகாப்புக்குப் போட்ட தகட்டின் ஓரத்தில் செந்நீர் வழிகிறது

என் சொந்த ஜீப்பில் நடந்தது இது. வாசல்படிப் பகுதி அடிக்கடி கல்லில் உரசுகிறது என்று ஒரு பட்டறையில் மேடு மேடாகக் கோடு பதித்த அலுமினியத் தகடு, செக்கர் பிளேட் என்பார்களே, அதை அடிக்கச் சொன்னேன். அடியிலிருந்த துருவை எடுக்காமல், ஓரத்தை சிலிகானால் அடைக்காமல், ரிவெட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். மேலே பளபளவென்று இருந்ததால் நானும் பார்க்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் ஓரத்தில் செந்நீர் வழிந்தது. ரிவெட்டைத் துளைத்துப் பிளேட்டை எடுத்தபோது அடியில் தகடே இல்லை, ஈரமான துருமண்தான் கொத்தாக விழுந்தது. அலுமினியமும் ஒரு பக்கம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருந்தது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். ஜீப்புக்கு அரண் போட்டதாக நினைத்து நானே அதை அழுகவைத்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

உங்கள் வண்டியில் செக்கர் பிளேட் இருந்தால், அடுத்த மழைக்கு முன் ஓர் ஓரத்தை மட்டுமாவது கழற்றிப் பாருங்கள். புதிதாகப் போடுவதானால் அடியில் எபாக்சி பிரைமர், நடுவே மெல்லிய ரப்பர், மேல் ஓரத்தில் சிலிகான், கீழ் ஓரம் திறந்தபடி. ரிவெட்டுக்குப் பதில் போல்ட் போட்டால் வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவலாம்.

பாறை உரசும் பாதைக்கே போகிறவர்களுக்குச் செக்கர் பிளேட்டைவிட, சேசிஸோடு போல்ட்டில் பூட்டும் பக்கவாட்டு இரும்புக் குழாய் மேல். வண்டியின் எடையே அதன்மேல் இறங்கினாலும் பாடியைத் தொடாது. பாடியில் பூட்டும் அலங்காரப் படிகள் இதற்கு உதவா. இடித்தால் பாடியையும் சேர்த்து மடக்கும்.

முன்பக்கத்து இரும்பு கிராஷ் கார்டு வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஏர்பேக் உள்ள வண்டியில் அது உணரிகளையும் குழப்பும், நடந்து போகிறவர் மேல் பட்டால் காயமும் பெரிது. சேசிஸில் பூட்டுகிற எதையும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: கதவு சரியாக மூடவில்லை, இடுக்கு ஒரு பக்கம் அகலமாகிவிட்டது

கதவை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் முள் தேய்ந்திருக்கிறது. முள்ளும் புஷ்ஷும் மாற்றினால் சரியாகும், சின்னச் செலவு.

ஆடவில்லையென்றால் தூணிலுள்ள பூட்டுக் கொக்கி நகர்ந்திருக்கலாம். சுற்றிலும் பெயிண்ட் தேய்ந்த புதிய தடம் தெரியும். திருகைத் தளர்த்தி, பழைய தடத்துக்குத் தள்ளி இறுக்குங்கள்.

அதுவும் இல்லையென்றால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி இடுக்கைப் பாருங்கள். பிறகு ஒரு முன்சக்கரத்தை மட்டும் கல்லின்மேல் ஏற்றி நிறுத்திப் பாருங்கள். கொஞ்சம் மாறுவது இயல்பு. கதவு மாட்டிக்கொள்கிற அளவுக்கு மாறினால், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள மவுண்ட் ரப்பர்கள் நசுங்கிப் போயிருக்கலாம், அல்லது அவற்றின் போல்ட் தளர்ந்திருக்கலாம். டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் எதிர்ப்பக்கத்து ரப்பரோடு ஒப்பிடுங்கள். ரப்பர் மாற்றுவது ஒருநாள் வேலை.

ரப்பர்கள் நன்றாக இருந்தால் நைலான் கயிற்றை எடுங்கள். கதவு வாசலின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை அடுத்த பக்கத்து வாசலில் வைத்துப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் தூணோ பாடியோ கோணியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குமேல் கையால் செய்ய எதுவும் இல்லை; இழுத்து நேராக்கும் பெஞ்ச் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி 8: உள்ளே தண்ணீர் வருகிறது

முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியைத் திறந்து பாருங்கள். சில்வர் ஓக் மர நிழலில் நிறுத்தும் வண்டிகளில் இலை மக்கி வடிகாலை அடைத்திருக்கும், தண்ணீர் காலடிக்கு வரும். பாதி வண்டிகளுக்கு இதுவே போதும்.

இல்லையென்றால் ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் விடுங்கள். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் உயரத்திலும் சில நிமிடம் நின்று, மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தரை அடைப்பு, கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர், கூரை இணைப்பு என்ற வரிசையில் பார்த்தால் செலவும் அதே வரிசையில்தான் ஏறும். கண்ணாடி ரப்பருக்கு அடியிலுள்ள தகட்டு விளிம்பு அரித்திருந்தால் சிலிகான் பூசி ஒப்பேற்றாதீர்கள். கண்ணாடியைக் கழற்றி விளிம்பைச் சரிசெய்யும் ஆளிடம் கொடுங்கள்.

அறிகுறி 9: அடியில் கடகடவென்று சத்தம்

பெரும்பாலும் அடித்தகட்டின் மேல் கிடக்கும் கல். அல்லது சைலன்சரின் வெப்பத் தகட்டில் துருப்பிடித்த போல்ட். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே கல் மாட்டினால் காதைக் கிழிக்கும் சத்தம் வரும். வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால் பல நேரம் விழுந்துவிடும். திருப்பும்போது மட்டும், அல்லது பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஒரே இடத்தில் டக்கென்று கேட்டால், அந்த இடத்தில் சேசிஸ் விரிசலைத் தேடச் சொல்லி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பட்டறைக்குக் கொடுக்கும்போது

மேலே நான் பட்டறைக்கு அனுப்பிய வேலைகளில் பெரும்பாலானவை வெல்டிங்கில் போய் முடியும். வண்டியை விடுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். புது வண்டிகளின் மின்னணுப் பெட்டிகள் இதில்தான் எரிகின்றன. டேங்குக்கு அருகில் வேலை என்றால் டேங்கை இறக்கிவிட்டுத்தான் வெல்டிங். காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும். மெல்லிய தகட்டில் ஒரே நீட்டாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள், இல்லையேல் தகடு அலை அலையாக நெளியும்.

வேலை முடிந்ததும் பெயிண்ட் அடிக்குமுன் ஒருமுறை கூப்பிடச் சொல்லுங்கள். நேரில் போய் வெல்டிங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்தில் பிரைமர் எல்லோரும் அடிப்பார்கள். வெப்பத்தில் பூச்சு கருகிப்போன பின்பக்கம் பெரும்பாலும் வெறும் தகடாகவே நிற்கும். அங்கே பிரைமரும் மெழுகும் அடித்து முடிக்கும்வரை நான் பட்டறையை விட்டு நகர்வதில்லை.